குளிர்க்குணம்

என் கணவருக்கு இருந்த வருத்தத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குளிர்க்குணம். வைத்தியப் புத்தகம் எதிலும் அந்தப் பெயர் கிடையாது. ஒக்டோபர் கடைசியில், டென்மார்க்கில் குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற கிழமையில் அது தொடங்கும். மரங்கள் துளிர்க்கிற காலத்தில் அடங்கும். இடைப்பட்ட மாதங்களில் அவர் என்னை அடிப்பார். அடி என்றால் கன்னத்தில் ஒரு தட்டு அல்ல. தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதுவார். விழுந்தால் விலாவில் உதைப்பார். எழும்பினால் மறுபடி விழுத்துவார். இதைத்தான் எல்லோரும் குளிர்க்குணம் என்று செல்லமாகச் சொன்னார்கள். கேட்கிறவர்களுக்கு ஏதோ தடிமன் காய்ச்சல் என்று படும்.

இவ்வளவும் நடந்த பிறகும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. கைப்பழக்கம். போகட்டும்.

பெயரை வைத்தவர் என் மச்சாள், அதாவது கணவரின் மூத்த சகோதரி. அவர் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொய்யில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார். நாங்கள் நாட்டின் மறு மூலையில், ஸ்கீவவில். அங்கே தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அவருக்குத் தளபாடத் தொழிற்சாலையில். கலியாணம் முடித்து வந்த முதல் மாரிக்குளிரில், உதடு கிழிந்த நிலையில், மச்சாளுக்குத்தான் போன் எடுத்து அழுதேன். எனக்கு வேறு யாரையும் தெரியாது.

"தம்பிக்கு அது குளிர்க்குணம் பிள்ளை. இந்த நாட்டு இருட்டு அவனைப் பிடிச்சு ஆட்டுது. வெயில் வந்தா அவன் தங்கம், இருந்து பார்" என்றார்.

இருந்து பார்த்தேன். வெயில் வந்தது. மனிதர் தங்கம்தான். புல் வெட்டினார், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு டேனிஷ்காரனுடன் பகிடி விட்டார், கோயில் தேருக்குப் போனால் மற்றவர்களின் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். எனக்கு மாம்பழம் வெட்டித் தந்தார். அப்படி ஒரு ஆள் ஆறு மாதம் வீட்டுக்குள் நடமாடினால், மற்ற ஆறு மாதமும் வருகிறவன் வேறு ஆள் என்று நினைக்கத்தான் மனது சொல்லும். உனக்கு நம்புவதுதான் வசதியாக இருந்தது என்று இன்று சில படித்த பெண்கள் எனக்கு விளக்கம் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் மண். விலா எலும்பு வெடித்த நிலையில் முதியோரைத் தூக்கிக் குளிப்பாட்டிப் பார்க்கட்டும், பிறகு வசதியைப் பற்றிக் கதைப்போம்.

நம்பியபடியால் வைத்தியமும் பார்த்தேன். குடும்ப வைத்தியரிடம் போய், "மாரியில் என் கணவருக்கு மனம் சரியில்லை" என்றேன். பாதி உண்மை. வைத்தியர் விற்றமின் டி எழுதித் தந்தார். நான் அதைத் தேத்தண்ணியோடு கொடுத்தேன். மீனெண்ணெய் கொடுத்தேன். கம்பளி உள்ளுடுப்பு வாங்கிக் கொடுத்தேன். அவர் வேலையால் வர முதல் வீட்டுச் சூட்டைக் கூட்டி வைத்தேன். அடுப்பில் ரசம், காலுக்கு வெந்நீர். அடிக்கிற கையை இதமாக வைத்திருக்கப் பாடுபட்ட முட்டாள் இந்த நாட்டில் என்னைத் தவிர யாராவது இருந்திருப்பார்களா தெரியாது.

எங்கள் மகள் பிறந்து வளர்ந்து வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு, கடைசியாக ஒரு விளக்கு வாங்கினேன். வெயிலைப் போல வெளிச்சம் தரும் விளக்கு, காலையில் அதற்கு முன்னால் அரை மணித்தியாலம் இருந்தால் இருட்டுச் சோர்வு போகும் என்று முதியோர் இல்லத்தில் ஒரு தாதி சொன்னாள். கார்த்திகை மாதம் முழுவதும் அவர் அதற்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தார். ஒரு சனிக்கிழமை காலை, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று, அந்த விளக்கையே தூக்கி என் முகத்தில் எறிந்தார். கையால் மறைத்தேன். முழங்கை வெட்டுப்பட்டது. எழும்பி வந்து கழுத்தைப் பிடித்தார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அந்த நேரம் மகளின் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிடித்த கை உடனே விட்டது. மகள் குசினிக்குள் வரும்போது அவர் குனிந்து, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கவனம் பிள்ளை, காலிலை குத்தும்" என்று மகளுக்குச் சொன்னார்.

மகள் ஓகூஸில் பல்கலைக்கழகத்தில் படித்தாள். அந்த வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். அவர் குப்பை கொட்டப் போனதும் டேனிஷில் பொரிந்து தள்ளினாள். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது. என்னுடன் ஓகூஸுக்கு வா, இன்றைக்கே வா, என் அறையில் நிலத்தில் படுக்கலாம் என்றாள்.

"குளிர் முடியட்டும். அதுக்குப் பிறகு அவர் சரி. உனக்கே தெரியும்" என்றேன்.

"குளிர் இல்லாத இடத்திலும் அடித்தால்?" என்று கேட்டாள்.

 அப்படி ஒரு இடத்தில் மாரிகாலத்தில் நாங்கள் இருந்ததே இல்லை.

"அப்ப வாறன். வெயிலிலையும் கை நீட்டினா உன்னோடை வாறன்."

"சத்தியமாகவா?"

"சத்தியமா" என்றேன். கழுத்து நொந்துகொண்டிருந்தது. சொன்னதை அவள் மறக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தகப்பனின் பிடிவாதத்தில் பாதி அவளிடம் உண்டு.

அடுத்த ஞாயிறு மச்சாளிடம் விளக்குக் கதையைச் சொன்னேன். விளக்கு வெயிலாகாது, உண்மையான வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறையில், கரிபியன் கடலில் கப்பலில் போய் வந்ததாம், நத்தார் அன்று கட்டைக் காற்சட்டையோடு நின்று படம் எடுத்தார்களாம். எனக்கு அது மருந்துச் சீட்டைப் போலவே பட்டது. நத்தாருக்கும் புது வருடத்துக்கும் தொழிற்சாலை பூட்டு. அவருக்கும் விருப்பம். தானும் வருவதாக மகள் சொன்னாள். தகப்பன் மகிழ்ந்துபோனார். அவள் எதற்கு வருகிறாள் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஸ்கீவவில் இருந்து புறப்பட்ட காலை, மழையும் பனியும் கலந்து அடித்தது. விமான நிலையத்துக்குப் போகிற வழியில், பாதை மாறிப்போனதற்கு, காரின் பின் ஆசனத்தில் மகள் நித்திரை என்று நினைத்து, கியர் போடுகிற கையால் என் தொடையைக் கிள்ளித் திருகினார். சத்தம் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்னும் ஒரு நாள், நாளைக்கு வெயில் என்று எனக்குள் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகிறவள் இப்படித்தான் நினைப்பாள்.

கப்பல் எங்கள் ஸ்கீவப் பட்டினத்தையே தூக்கி உள்ளே வைக்கலாம் போல இருந்தது. அதற்குள் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சின்ன அறை. எங்கள் இருவருக்கும் ஒரு கட்டில். அதற்கு மேலே கூரையில் இருந்து இழுத்து இறக்குகிற படுக்கை மகளுக்கு. யன்னலுக்குப் பதிலாக ஒரு கண்ணாடிக் கதவும் இரண்டு கதிரை போடும் அளவுக்கு ஒரு பல்கனியும். வெளியே வெயில் கொளுத்தியது. மேல்தட்டில் நத்தார் தாத்தா கையில்லாச் சட்டையோடு நின்று பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் உடனே சுகப்பட்டுவிட்டார். முதல் நாளே சுகம். பெரிய பூப்போட்ட சட்டை ஒன்று வாங்கிப் போட்டார். வைக்கோல் தொப்பி ஒன்று வாங்கினார். நீச்சல் தடாகத்தில் குதித்தார். பாட்டுப் போட்டால் அமெரிக்கக் கிழவிகளோடு ஆடினார். என் தட்டில் தன் இறாலை எடுத்து வைத்தார். ஓரிடத்திலும் சும்மா இருக்கவில்லை, காலையில் வெளிக்கிட்டால் இரவு படுக்கத்தான் அறைக்கு வருவோம். நான் மச்சாளுக்குச் செய்தி அனுப்பினேன்: தங்கம் மச்சாள், தங்கம்.

என் உடம்புக்கு மட்டும் வெயில் வந்த செய்தி போய்ச் சேரவில்லை. தடாகக் கரையில் அவர் குடிவகை கொண்டுவருகிற பையனைக் கூப்பிடக் கையை உயர்த்தினார். நான் தலையைக் குனிந்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டேன். பக்கத்துச் சாய்கதிரையில் கிடந்த ஒரு வெள்ளைக்காரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். அவர் சிரித்தார். "குளவி எண்டு நினைச்சிட்டா" என்று அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னார். நடுக்கடலில் குளவி. அவளும் சிரித்து வைத்தாள். என்னை அவமானம் தின்றது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, என் உடம்பின் மேல்தான் வந்தது. குணமாகி வருகிற மனிதனைச் சந்தேகிக்கிறதே என்று.

மகளிடம் வீம்பு காட்டினேன்.

"பாத்தியா? நான் சொன்னனான் எல்லோ?"

"நான் எப்போதும் உங்களோடு இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். அதை நான் பாசமாக எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னதின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவளை அனுப்பியது நான்தான். ஒரு தீவுத் துறைமுகத்தில் கப்பலைக் கட்டி நிறுத்தியபோது, கடலுக்குள் தலையைப் போட்டு மீன் பார்க்கிற பயணம் ஒன்று இருந்தது. தனக்கு வேண்டாம் என்றாள். உன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் போகின்றன, நீ என்ன காவல்காரியா, போ என்று விரட்டினேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

நாங்கள் இருவரும் துறைமுகப் பாலத்தில் நடந்தோம். நல்ல காற்று. அவருடைய வைக்கோல் தொப்பி கிளம்பிப் பறந்தது. அவர் பின்னால் ஓடினார். தொப்பி நின்றது, அவர் குனிந்தார், தொப்பி மறுபடி ஓடியது. இப்படி இரண்டு மூன்று தரம். கடைசியில் அது கடலில் விழுந்தது. பாலத்தில் நின்ற சனம் கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டு, சனத்துக்குத் தலை சாய்த்து வணக்கம் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து, "வா, அறைக்குப் போய்க் கொஞ்சம் படுப்பம்" என்றார்.

அறை வரைக்கும் சிரித்தபடிதான் வந்தார். நடைபாதையில் எங்கள் அறையைத் துப்புரவாக்குகிற பிலிப்பைன்ஸ் பையனுக்கு நத்தார் வாழ்த்துச் சொன்னார். உள்ளே வந்து பல்கனிக் கதவைச் சாத்தினார். திரையை இழுத்து மூடினார். மேசை லாச்சியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு அறைக் கதவைத் திறந்து, மறுபடி சாத்திப் பூட்டினார். ரீவியைப் போட்டார், நத்தார் பாட்டுக்காரர்கள் கத்துகிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினார். படுக்கப் போகிறவருக்கு ரீவி எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தேன்.

முதல் அடி வாயில்தான் விழுந்தது. பல் உதட்டைக் கிழித்தது. இரண்டாவது காதில். அலுமாரிக் கதவில் தலை மோதியது. தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கட்டில் விளிம்பில் முகத்தை அமத்தினார். மூச்சு விட முடியவில்லை. முதுகில் முழங்கால் ஏறியது. "சிரி" என்றார். "இப்ப சிரியடி. சனத்துக்கு முன்னாலை சிரிச்சாய் எல்லோ, சிரி." குரலை உயர்த்தவே இல்லை. பாட்டுக்காரர்களின் சத்தத்துக்குள் அவர் சொல்வது எனக்கு மட்டும் கேட்டது. விலாவில் குத்து விழ விழ, நான் வெயிலைத்தான் நினைத்தேன். திரையின் கீழ் விளிம்பால் ஒரு கோடு வெயில் கம்பளத்தில் விழுந்து கிடந்தது. அதில் என் இரத்தம் சொட்டியது.

பிறகு விட்டார். கட்டிலில் இருந்து மூச்சு வாங்கினார். முகத்தைக் கைகளால் துடைத்தார்.

"இந்த ஏசி. ஆர் இப்பிடிக் குளிர விட்டது? பனிக்கட்டி மாதிரிக் கிடக்கு அறை" என்றார்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். நான் எழும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஏசிப் பொத்தானைத் தேடி, சூட்டைக் கூட்டினேன். வாயில் இருந்து இரத்தம் வடிய வடிய, ஒரு கையால் உதட்டைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் அதைத் திருகினேன். ஓம், ஏசிதான், என் பிழை, நான்தான் கவனிக்கவில்லை என்று மனது சொல்லிக்கொண்டிருந்தது.

உதட்டுக்கு வைக்க அந்தப் பையனிடம் ஐஸ் கேட்கலாம் என்று கதவைத் திறந்தேன். கைபிடியில் ஒரு அட்டை தொங்கி ஆடியது. தொந்தரவு செய்யாதீர்கள் என்று சிவப்பு எழுத்தில். அட்டையின் மறுபக்கம் பச்சை, அறையைச் சுத்தம் செய்யுங்கள் என்று இருக்கும்.

நான் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லாச்சியில் இருந்து அவர் எடுத்தது இது. கோபம் தலைக்கேறி, தன்னை மறந்து, இருட்டும் குளிரும் பிடித்து ஆட்டுகிற மனிதர், அடிக்க முதல் லாச்சியில் அட்டை தேடியிருக்கிறார். சிவப்புப் பக்கம் வெளியே இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். தொங்கவிட்டு, பூட்டி, திரை மூடி, ரீவியைக் கூட்டி, அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்திருக்கிறது.

ஸ்கீவவில் எங்கள் வீடு அடுத்தடுத்து ஒட்டிய வரிசை வீடு. கோடையில் எல்லா வீட்டு யன்னலும் திறந்து கிடக்கும், பக்கத்து வீட்டான் வேலிக்கு அங்கால் இறைச்சி வாட்டிக்கொண்டு நிற்பான். ஒரு தும்மல் போட்டால் சுகம் கேட்பார்கள். மாரியில் மூன்றடுக்குக் கண்ணாடி யன்னல்கள் இறுக்கிச் சாத்தியிருக்கும், நாலு மணிக்கே திரை விழும். என்னைக் கொன்று போட்டாலும் வசந்தம் வரைக்கும் யாருக்கும் தெரியவராது. இவ்வளவு காலமும் நான் வானத்தைப் பார்த்துப் பயந்து கொண்டிருந்தேன். அவர் யன்னலைத்தான் பார்த்துக் கொண்டிருந்திருக்கிறார்.

ஐஸ் கேட்கப் போகவில்லை. திரும்பி உள்ளே போனேன். மேசையில் நான் வீட்டில் இருந்து கொண்டுவந்த சுடுதண்ணிப் போத்தல் நின்றது. கனத்த இரும்புப் போத்தல், நிறையத் தண்ணீர். போத்தலின் கழுத்தில் பிடித்துத் தூக்கினேன்.

"எனக்கும் ஏசி குளிருதப்பா" என்று சொல்லி அவருடைய தோளில் இறக்கினேன்.

எலும்பு முறிகிற சத்தம் பாட்டுக்கு மேலால் கேட்டது. "ஐயோ, விசரி" என்று கத்தினார். மறுபடி அடித்தேன், முழங்கையில். மறுபடி முதுகில். அவர் கட்டிலில் இருந்து உருண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து, நல்ல கையால் தலையை மூடினார். தடாகக் கரையில் நான் மூடியது அப்படித்தான். விரல்களுக்கு இடையால் என்னைப் பார்த்த அந்தக் கண்ணில் பயம் இருந்தது. அது எனக்கு இனித்தது. பொய் சொல்ல விருப்பமில்லை, தேனாக இனித்தது. இன்னும் ஓங்கினேன். அந்தப் பிலிப்பைன்ஸ் பையன் வந்து என் கையைப் பின்னால் பிடித்திருக்காவிட்டால் தலையில் போட்டிருப்பேன். கதவை நான் திறந்தபடியே விட்டிருந்தேன். நான் எதையும் பூட்டிவிட்டு அடிக்கவில்லை.

என்னைக் கீழ்த்தட்டில் இருந்த கப்பல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். தாதி உதட்டைத் துடைத்துக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்டாள்.

"பனியில் வழுக்கி விழுந்தேன்" என்றேன்.

நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. எத்தனையோ மாரிகளில் வேலையிடத்திலும் அவசரப் பிரிவிலும் சொல்லிச் சொல்லி மனப்பாடமான வசனம். டென்மார்க்கில் மாரியில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, பாதிப் பேர் கையில் மாவுக்கட்டோடுதான் திரிவார்கள். தாதி பஞ்சைப் பிடித்தபடி என் காலைப் பார்த்தாள். செருப்பில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. வட்ட யன்னலுக்கு வெளியே தென்னை மரங்கள் நின்றன. "எந்தப் பனியில் அம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்போது மகள் வந்தாள். தலைமயிரில் கடல் தண்ணீர் சொட்டியது. நான் சொன்னதைக் கதவடியில் நின்று கேட்டிருக்கிறாள். "அப்பா அடித்தது" என்று ஆங்கிலத்தில் தாதிக்குச் சொன்னாள். "எனக்கு ஐந்து வயதில் இருந்து தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். சத்தியத்தை ஞாபகப்படுத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் காலடியில் இருந்து, மடியில் முகத்தை வைத்து, வீரிட்டு அழுதாள். ஐந்து வயதுப் பிள்ளை அழுவதைப்போல இருந்தது. அவள் அழுது முடியும் வரை அவளின் ஈரத் தலையைத் தடவினேன். முடிந்ததும், முதல் மாரியில் இருந்து தொடங்கிச் சொன்னேன். தாதி பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டாள். அவருக்கும் முதலில் இருந்து சொன்னேன்.

"நீங்கள் அவரைத் தாக்கினீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓம். அந்தப் பையன் பிடித்திருக்காவிட்டால் இன்னும் அடித்திருப்பேன்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

என் கணவரை வேறு அறைக்கு மாற்றி வாசலில் ஆள் போட்டார்கள். கொண்டுபோகும்போது பார்த்தேன். கையைத் தூக்கித் துணியில் கட்டியிருந்தார்கள். அந்தக் கீழ்த்தட்டு நடைபாதையில் எங்கள் அறையை விட இரண்டு மடங்கு குளிர், எனக்குப் பல் கிட்டியது. அந்தக் குளிரில், ஆறடி அதிகாரிக்கு முன்னால், அவர் தலையைக் குனிந்து, "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டு நின்றார். கோபம் ஒரு துளியும் இல்லை.

டென்மார்க்குக்குத் தனித்தனியாகத்தான் வந்தோம். அவர் இஷொய்யில் தமக்கை வீட்டுக்குப் போனார். நான் ஓகூஸில் மகளின் அறையில் நிலத்தில் படுத்தேன். பொலிசுக்குப் போனோம். வழக்கு நடந்தது, தண்டனையில் என் போத்தலுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

வழக்குத் தொடங்க முதல், தை மாதத்தில் மச்சாள் போன் எடுத்தார். நான் எடுக்காமல் விட்டேன். மறுபடி எடுத்தார். ஐந்தாறு தரம் அடித்த பிறகு, திட்டித் தீர்த்துவிட்டு வைப்போம் என்று எடுத்தேன்.

"பிள்ளை, அவன் சாப்பிடுறான் இல்லை. ஒரு கையாலை கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு யோசிச்சபடி இருக்கிறான்."

"இருக்கட்டும்."

"கப்பல்லை ஏசியாலை வந்த வினையாம். இந்தக் குளிர் முடியட்டும் பிள்ளை. பங்குனியிலை எல்லாரும் இருந்து கதைப்பம். உனக்கு அவன்ரை குளிர்க்குணம் தெரியும் தானே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மகளின் மேசையில் இருந்த கோப்பை சுவரில் போய் உடைந்தது. "மச்சாள், அங்கை வெயில் கொளுத்தினது!" என்று கத்தினேன். "பல்கனியைச் சாத்தி, திரையை மூடி, ரீவியைக் கூட்டி, ஒருத்தரும் வராதேங்கோ எண்டு கதவிலை அட்டை தூக்கிப்போட்டுத்தான் உங்கடை தம்பி எனக்கு அடிச்சவர். குளிருக்கு அட்டை போடத் தெரியுமோ? சொல்லுங்கோ, குளிருக்கு அட்டை போடத் தெரியுமோ?"

 அவர் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். காதில் இருந்து போனை எடுக்கப் போனபோது மூச்சு வாங்குவது கேட்டது.

"யன்னல்" என்றார்.

"என்ன யன்னல்?"

"எங்கடை அப்பா முதல்லை யன்னலைத்தான் சாத்துறவர். அம்மாவுக்கு அடிக்க முன்னம். சாத்திப்போட்டு றேடியோவைக் கூட்டி விடுவார். நானும் தம்பியும் வெளியிலை நிப்பம்." குரல் தேய்ந்து போனது. "றேடியோச் சத்தம் கூடினா எங்களுக்கு விளங்கும்."

இத்தனை வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. தம்பியும் சொன்னதில்லை. என் கோபம் அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

"யாழ்ப்பாணத்திலை என்ன குளிர் மச்சாள்?" என்று கேட்டேன்.

"குளிர் இல்லைப் பிள்ளை" என்றார். அழுதுகொண்டிருந்தார். "வெக்கை எண்டுதான் அம்மா சொல்லுவா. வெக்கை தலைக்கேறினா அந்த மனுசன் அப்பிடித்தான், மாரி வரட்டும், குளிர்ந்தா அடங்கிடுவார் எண்டு."